துணைக்குப் போனவர்கள்

அத்தியாயம் 11

ஊசி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கொதித்துக்கொண்டுதான் இறங்கினாள். "பார்த்து இறங்கும்மா" என்ற கண்டக்டரிடம், "எனக்குக் கண்ணு இருக்குய்யா, மத்தவங்களுக்குத்தான் இல்ல" என்று எரிந்து விழுந்தாள். பாவம், அவர் விசிலை ஊதிவிட்டு நகர்ந்தார்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்தெட்டு வருஷமாக ஊரார் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். அக்காவின் பிள்ளைகள் சிறு வயதில் 'ஊசி சித்தி' என்று கூப்பிட, சித்தி உதிர்ந்துபோய் ஊசி மட்டும் நிலைத்துவிட்டது. வயது ஐம்பத்துமூன்று. கல்யாணம் வேண்டாம் என்று தனியாக ஒரே அறையில் வாழ்கிறாள்.

அவள் கைப்பைக்குள் இருந்த இரண்டு ரிப்போர்ட்டுகளைப் போன வாரம் பார்த்தோம். ஒன்று அவளுடைய அக்காவுடையது. பிடிவாதமாகக் கையைப் பிடித்து அவளே எடுத்த ரத்தம். மற்றது அக்கா கணவருடையது. அவர் வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனி வருடாந்தரப் பரிசோதனைக்கு அனுப்பியது. இரண்டும் ஒரே நாளில் அவள் மேஜைக்கு வந்து சேர்ந்தன.

முப்பத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திய அந்த இருவரும், பதினாறு மாதமாக நகரத்தின் இரண்டு மூலைகளில் இருக்கிறார்கள். மகனுக்குக் குழந்தை பிறந்ததும் அக்கா அவனுடைய ஃபிளாட்டுக்குப் போனாள். மருமகன் கப்பல் வேலைக்குப் போனதும், லிஃப்ட் மெக்கானிக்கான அக்கா கணவர் மகள் வீட்டுக்குத் துணைக்குப் போனார். ஆறு மாசம்தான் என்றுதான் பேச்சு.

"ஆறு மாசமாம், ஆறு மாசம்!" என்று முணுமுணுத்துக்கொண்டே ஊசி அழைப்பு மணியை அழுத்தினாள்.

அக்காதான் கதவைத் திறந்தாள். இடுப்பில் பேரன். கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஐம்பத்தேழு வயதுக்காரியை எழுபது என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

"என்னடி காலங்காத்தால? வேலைக்குப் போகல?"

"லீவு போட்டிருக்கேன். அக்கா, நீ எங்க படுக்கிற?"

"என்ன கேள்வி இது?"

"பதினாறு மாசமா இந்த வீட்டுக்கு வந்துட்டுப் போறேன். ஒரு தடவைகூடக் கேக்கல. இப்ப கேக்குறேன். காட்டு."

அக்கா காட்டினாள். குழந்தையின் அறை. தொட்டில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே, ஓர் ஆள் ஒருக்களித்தால் மட்டும் கொள்கிற இடைவெளி. மெத்தை சுருட்டிச் சுவரோரம் நின்றது. எதிர்ச் சுவரில் மகனுடைய மேஜையும் கம்ப்யூட்டரும். காலை ஏழு மணிக்கு மெத்தையைச் சுருட்டினால்தான் அவன் உட்கார முடியும்.

"ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிற?"

"குழந்தை அழுதா எழுந்திருக்க வேண்டாமா? மூணு, நாலு."

"பகல்ல எங்க சாயுற?"

அக்கா பால்கனிப் பக்கம் பார்த்தாள். பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. அதன் மேல் அவளுடைய மூக்குக் கண்ணாடி.

முப்பது வருஷம் ஆஸ்பத்திரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான பேரை அதட்டி லைனில் காத்திருக்க வைத்த பெண். அவளுக்கு இந்த வீட்டில் சாத்திக்கொள்ள ஒரு கதவு இல்லை.

மகன் காதில் மாட்டிய கருவியோடு வந்தான். முப்பது வயது. பகலில் கம்ப்யூட்டர் வேலை, கூடவே தண்ணீர் ஃபில்டர் ஏஜென்சி.

"வாங்க சித்தி. என்ன, அம்மாவோட சேர்ந்து ரகசியமா?"

"ரகசியம் ஒண்ணும் இல்ல. உங்கம்மாவுக்குப் பிரஷர் நூத்தி எழுபது. ரத்தம் எட்டு, பன்னெண்டு இருக்கணும். ஒன்பது கிலோ குறைஞ்சிருக்கா. இதான் ரிப்போர்ட். படி."

அவன் படிக்கவில்லை. சிரித்தான். "சித்தி, நீங்க எதுக்கெடுத்தாலும் பயமுறுத்துவீங்க. அம்மா இங்க ராணி மாதிரி இருக்கா. சுத்தி மனுஷங்க. தனியா கெடக்கிற உங்களுக்குத்தான் நாங்க கவலைப்படுறோம். ராத்திரி விழுந்தாக்கூட யாருக்குத் தெரியும்?"

"பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தெரியும். தினம் எட்டு மணிக்கு அவங்ககூடத்தான் சாப்பிடுறேன். நான் போகலைன்னா கதவைத் தட்டுவாங்க. உங்கம்மா எப்ப சாப்பிட்டா, யாரோட சாப்பிட்டா? சொல்லு பாப்போம்."

அவன் காதுக் கருவியைத் திருகினான்.

"விடுடி" என்றாள் அக்கா. "அவனும் என்ன பண்ணுவான். பிள்ளை பெத்த வீட்டுல அப்படித்தான் இருக்கும்."

ஊசி இரண்டாவது ரிப்போர்ட்டை எடுத்துப் பால்கனி ஸ்டூல் மேல் வைத்தாள். "சரி, உன்னை விடுறேன். இதைப் பாரு."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். மற்ற எண்கள் எதுவும் அவளுக்குப் புரியாது. ஆனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை என்ற ஒரு வரி தெரியும். பதினோரு வருஷம் அந்த வரியை ஏறவிடாமல் கட்டிக் காத்தவள் அவள். தட்டு வைக்கும்போதே மாத்திரையையும் வைப்பாள். அவர் முழுங்கிய பிறகுதான் சாப்பாடு.

"பத்து புள்ளி எட்டா?" குரல் மாறிவிட்டது. "ஆறு புள்ளி ஒன்பதுக்கு மேல போனதே இல்லையே அவருக்கு!"

"இப்ப போயிருக்கு."

அக்கா இடுப்பிலிருந்த குழந்தையைத் தூக்கி மகனிடம் நீட்டினாள். "பிடி."

"அம்மா, எனக்குப் பத்து மணிக்கு மீட்டிங்…"

"பிடின்னேன்."

அந்த அதட்டலை அவன் பல வருஷம் கழித்துக் கேட்டான். கை தானாக நீண்டது.

*

மெக்கானிக் அன்றைக்குப் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலையாக இருந்தார். ஊசி போனில் இடம் கேட்டு வைத்திருந்தாள். தரைத்தளத்தில், 'பழுது' என்று பலகை மாட்டிய லிஃப்டுக்கு முன்னால், கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். மனைவியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எழுந்தார். எழுந்தவர் இடது காலைத் தரையில் முழுதாக ஊன்றவில்லை.

ஐந்து வாரம் கழித்து நேரில் பார்க்கிறார்கள். மத்தியானம் பேரன் தூங்கும் நேரத்தில் பத்து நிமிஷம் போனில் பேசுவதோடு சரி.

"என்ன இவ்வளவு தூரம்? சொல்லியிருந்தா நானே…"

"காலுல என்ன?"

"ஒண்ணும் இல்ல. ஷூ கடிச்சிருக்கு."

"கழட்டுங்க."

"இங்கயா? நாலு பேர் வந்து போற இடம்."

"நாப்பது பேர் வரட்டும். கழட்டுங்க!"

வரவேற்பு மேஜைப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவர் கழற்றினார். காலுறை கட்டை விரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஊசி தண்ணீர் ஊற்றி நனைத்து எடுத்தாள். உள்ளே ஒரு குழி. ஓரம் வெளுத்து, நடுவில் கறுத்திருந்தது. இருபத்தெட்டு வருஷம் ரத்தம் பார்த்தவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எத்தனை நாளா?" என்றாள் அக்கா.

"மூணு வாரம் இருக்கும். ஏதோ ஆணி குத்தியிருக்கு. குத்தினதே தெரியல. ரத்தம் பாத்துதான் தெரிஞ்சுது."

"மூணு வாரமா தினம் போன்ல பேசுறீங்களே! கல்லுளிமங்கன் மாதிரி இதை மறைச்சு வெச்சிட்டு, பேரன் பல் முளைச்சுதா, பேரன் நடந்தானான்னு கேட்டுட்டு இருந்தீங்களா?"

"என்னன்னு சொல்றது? நீ அங்க நிம்மதியா இருக்க. அதைக் கெடுப்பானேன்னு…"

"நிம்மதியா? நானா? யார் சொன்னா?"

"உன் பையன்தான் சொன்னான். அம்மா இங்க சந்தோஷமா இருக்கா, வீட்டுக்குத் திரும்பறதைப் பத்திப் பேச்செடுத்தாலே கோவப்படுறான்னு."

அக்கா அவர் பக்கம் குனிந்தாள். "என்கிட்டயும் அதையேதான் சொன்னான். அப்பா மகளைவிட்டு வரமாட்டேங்கிறாருன்னு."

மேலே பேசுவதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

பாத மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். காயத்தை ஆழம் பார்த்தார், பழைய சீட்டையும் புதிய ரிப்போர்ட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"மாத்திரை அதேதான். டோஸும் அதேதான். பதினாறு மாசத்துல உங்க வீட்டுல என்ன மாறுச்சு?"

"வீடே மாறிடுச்சு டாக்டர்" என்றார் மெக்கானிக்.

கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மகள் வீடு நாலாவது மாடி. ஊருக்கெல்லாம் லிஃப்டை ஓட வைக்கிறவர் அங்கே படியேறித்தான் போகிறார். மகளுக்கு மாலை ஷிஃப்ட். டப்பாவில் சாப்பாடு வைத்து, மேலே எழுதி ஒட்டிவிட்டுப் போவாள். பேத்திக்குச் சூடு பண்ணிக் கொடுப்பார். தனக்குச் சூடு பண்ணத் தோன்றாது. ரொட்டியில் ஜாம் தடவி, சமையலறையில் நின்றபடியே தின்றுவிட்டுப் படுத்துவிடுவார். மாத்திரை ஞாபகம் வந்தால் போடுவார். போட்டோமா என்று சந்தேகம் வந்தால் இன்னொன்றும் போடுவார்.

"மகள்கிட்டச் சொல்லலாமே?"

"அவளே பொழுதுக்கும் ஓடுறா. அவகிட்ட என் காலைத் தூக்கிக் காட்டவா?"

டாக்டர் பேனாவை மூடினார். "கால் தரையில படக்கூடாது. மாடி ஏறக்கூடாது. வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு மாத்திரை. தினம் ஒருத்தர் அடிப்பாதத்தைப் பாத்து மருந்து வெக்கணும். இவரால பாக்கவும் முடியாது, வலியும் தெரியாது. பத்து நாள் பாக்கறேன். ஆறலைன்னா விரலை எடுக்கணும். விரலோட நிக்கும்னு உத்தரவாதம் தர முடியாது." பிறகு நிமிர்ந்தார். "இவர்கூட இருக்கப்போறது யாரு?"

"நான்" என்றாள் அக்கா.

"எங்க?" என்றார் மெக்கானிக். "மகன் வீட்டுல உனக்கே இடம் இல்லைங்கிறா உன் தங்கச்சி."

"நம்ம வீட்டுல."

*

அவர்கள் வீடு ஒரு சந்தில் இரண்டாவது. இரண்டு அறை, ஒரு சமையலறை, முன்னால் கொஞ்சம் வெற்றிடம். படி ஒன்றே ஒன்று. மகன், "குடோன் கிடைக்கிற வரைக்கும் நாலு பெட்டி போட்டுக்கறேன்" என்று சாவி வாங்கியிருந்தான்.

அக்காவின் சாவி பூட்டுக்குள் நுழையவில்லை.

"பூட்டை மாத்தியிருக்கான்" என்றார் மெக்கானிக். ஆட்டோக்காரர் தோளைப் பிடித்து ஒற்றைக் காலில் குதித்து வந்து, படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். பூட்டை ஒரு பார்வை பார்த்தார். "பூட்டோட மல்லுக்கட்டாதே. கொண்டியில நாலு ஸ்க்ரூ இருக்கு பார். பெட்டியில சிவப்புக் கைப்பிடி போட்டது எடு. இடது பக்கமா திருப்பு. அழுத்தித் திருப்பு."

அக்கா திருப்பினாள். கொண்டியோடு பூட்டும் கழன்று கையில் வந்தது.

கதவு பாதிதான் திறந்தது. பின்னால் அட்டைப்பெட்டிகள். தரையிலிருந்து மின்விசிறி வரைக்கும் தண்ணீர் ஃபில்டர். கட்டிலைப் பிரித்துச் சுவரில் சாய்த்திருந்தான். அதன் மேலும் பெட்டி. சமையலறையில் அடுப்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. குழாய்ச் சுருள்களுக்கு அடியில் கிடந்தது. நாலு பெட்டியாம்!

அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. முந்தானையை இடுப்பில் செருகினாள். முதல் பெட்டியை இழுத்தாள்.

"அக்கா, ரத்தம் எட்டு! தூக்காதே, நான் எடுக்கிறேன்."

"தூக்கல. தள்ளுறேன்."

தள்ளினாள். பெட்டி படியைத் தாண்டி வெளியே போய் விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஊசியும் சேர்ந்துகொண்டாள். மெக்கானிக் உட்கார்ந்த இடத்திலிருந்து, "மேல் வரிசை முதல்ல எடு, சரிஞ்சு விழும்" என்று மேற்பார்வை பார்த்தார். முப்பது பெட்டிக்கு மேல் வெளியே வந்தபோது கட்டிலின் நான்கு காலும் கண்ணில் பட்டன.

சரக்கு எடுக்க வந்த டெலிவரிக்காரர் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுப் போன் செய்திருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் மகன் வந்து நின்றான்.

"அம்மா! என்ன காரியம் பண்ற? எல்லாம் ஆர்டர் சரக்கு!"

"உங்கப்பாவும் ஆர்டர் சரக்குதான். பத்து நாள் கெடு குடுத்திருக்காங்க. போய் அந்தக் காலைப் பாரு."

அவன் அப்பாவின் கட்டைப் பார்த்தான். முகம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை. "ஆஸ்பத்திரியில சேக்கலாம்மா, நான் பாத்துக்கறேன். அதுக்காக நீங்க ரெண்டு பேரும் இங்க வந்து… வயசான காலத்துல தனியா இருக்கக்கூடாதுன்னு ஊரே சொல்லுது. உங்க நல்லதுக்குத்தானே செஞ்சேன்?"

"நாங்க எப்படா தனியா இருந்தோம்? ரெண்டு பேர் இருந்தோம்டா! நீதான் பிரிச்சு ஆளுக்கொரு மூலையில தனியா உக்காத்தி வெச்ச. உன் பொண்டாட்டிக்கு ஆள் வேணும்னு கூப்பிட்ட, வந்தேன். உன் பெட்டிக்கு இடம் வேணும்னு சொல்லியிருந்தா, ஒரு அறையைக் குடுத்துட்டு இன்னொரு அறையில கெடந்திருப்போமே!"

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. மருமகள். முன்னால் குழந்தையைக் கட்டிக்கொண்டு, காலடியில் ஒரு பெரிய பை. கழுத்தில் அலுவலக அடையாள அட்டை இன்னும் தொங்கியது; காலையிலேயே மகன் குழந்தைக்காக அவளை வீட்டுக்கு வரவழைத்திருக்க வேண்டும், டெலிவரிக்காரர் போனும் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று ஊசி இரண்டடி முன்னால் வந்தாள்.

மருமகள் பையை அக்காவிடம் நீட்டினாள். "உங்க துணிமணி அத்தை. பிரஷர் மாத்திரை மேலேயே இருக்கு." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். அவளுக்கும் கோபத்தில் மூச்சு வாங்கியது. "இந்த வீட்டை வாடகைக்கு விட்டிருக்குன்னு சொன்னீங்களே, இதுதான் வாடகைக்காரரா?"

அவன் விழுந்து கிடந்த ஒரு பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"நீ என்னம்மா சொல்ற?" என்றாள் அக்கா. "நீ கூப்பிட்டுத்தானே நான் வந்தேன்?"

"நான் கூப்பிடவே இல்ல அத்தை. ஆறாம் மாசத்துலேருந்து குழந்தையைக் காப்பகத்துல விடலாம்னுதான் இருந்தேன். நீங்கதான் பேரனை விட்டு இருக்க மாட்டேன்னு பிடிவாதம் பிடிக்கிறதா இவர் சொன்னார். பெரியவங்க ஆசைப்படுறாங்கன்னு நானும் வாயை மூடிட்டு இருந்தேன். உங்களுக்கு ஒரு அறைகூட இல்லையேன்னு எத்தனை நாள் எனக்கு உறுத்தியிருக்கு தெரியுமா?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. படியில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"அப்பா, இப்ப எதுக்கு…" என்று மகன் கையை நீட்டினான். அவர் கையைத் தட்டிவிட்டார். இத்தனை வருஷத்தில் மகனை அவர் அடித்ததில்லை. அது அடி இல்லைதான். ஆனாலும் அவன் பின்வாங்கினான்.

போன் மணி மூன்று முறை அடித்தது. ஸ்பீக்கரில் மகளின் குரல். "அப்பா? என்ன இந்த நேரத்துல?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. மாப்பிள்ளை கப்பலுக்குப் போனப்போ, துணைக்கு அப்பா வரணும்னு நீ கேட்டியா?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"பயப்படாதே. நடந்ததைச் சொல்லு."

"நான் கேக்கலப்பா. அண்ணன்தான்… நீங்களும் அம்மாவும் பெரிய சண்டை போட்டுட்டீங்க, இனிமே ஒரே வீட்டுல இருக்கவே மாட்டீங்க, அப்பாவைக் கொஞ்ச நாள் வெச்சுக்கோன்னு சொன்னான். உங்ககிட்டயோ அம்மாகிட்டயோ கேக்கக்கூடாது, கேட்டா மனசு உடைஞ்சிடும்னான். அதனாலதான் நான் அம்மா பேச்சையே எடுக்கறதில்ல."

பதினாறு மாதம் மகள் வீட்டில் மனைவியின் பெயர் அடிபடவே இல்லை என்பது மெக்கானிக்குக்கு அப்போதுதான் உறைத்தது. இவளுக்கு அம்மா மேல் என்ன வருத்தமோ என்று அவரும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.

"தொழில் ஒரு நிலைக்கு வர்ற வரைக்கும்தான்னு நினைச்சேன்" என்றான் மகன். குரல் எழும்பவில்லை. "ஆறு மாசத்துல சரி பண்ணிடலாம்னுதான்… அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

ஊசி அவனை அடித்தே விடுவாள் போலிருந்தது. மருமகள் குழந்தையை அணைத்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்கா மட்டும் கத்தவில்லை. காலையிலிருந்து முதல் முறையாக அவள் குரல் தாழ்ந்து வந்தது. மகனுக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

"சண்டைன்னு சொன்னியே. என்ன சண்டைன்னு சொன்ன? முப்பத்திரண்டு வருஷம் வாழ்ந்தவங்க ஒரே வீட்டுல இருக்க முடியாம போற அளவுக்கு, உங்கப்பா என்ன பண்ணினதா சொன்ன? இல்ல, நான் என்ன பண்ணினதா சொன்ன?"

அவன் பெட்டிகளுக்கு நடுவே இரண்டடி பின்னால் போனான்.

"அவன் சொல்ல மாட்டாம்மா" என்றது போனிலிருந்து மகளின் குரல். அழுகிறாள் என்று தெரிந்தது. "எனக்குத்தான் தெரியும். இத்தனை நாள் அதை நம்பிட்டு இருந்தேனே! சொல்றேன்… ஆனா அப்பா இன்னும் பக்கத்துல இருக்காரா? அவர் கேக்கக்கூடாதும்மா."

அக்கா ஒரு பெட்டியை இழுத்து, கணவரின் கட்டுப்போட்ட காலைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, போனைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"இருக்காரு. என் பக்கத்துலதான் இருக்காரு. இனிமே இங்கதான் இருப்பாரு. நீ சொல்லு."